ஆறாம் மாடியில் அணையாத பட்டன்

ஒரு கருவி பழுதானால் யாராவது போய்ப் பார்த்துச் சரிசெய்வார்கள். பழுதாகிக் கிடந்தது தானாகவே சரியாகிவிட்டால் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் அப்படி இருந்துவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இனி என்னிடம் யாரும் விளக்கம் கேட்க முடியாது என்பதால் நடந்ததை நடந்தபடியே சொல்லலாம். அலுவலக அறிக்கையில் இது அரைப் பக்கத்துக்கு அடங்கிவிட்டது. எனக்கு அந்தக் காலைப்பொழுதின் சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

எங்கள் அலுவலகம் ஸ்கூடாய் நகரில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. கீழே முடிதிருத்தும் கடை. மேலே நாங்கள் கம்பியில்லாக் கருவிகள் செய்துகொண்டிருந்தோம். அப்போது எங்கள் கையில் இருந்த வேலை, மாசாய் ஊரின் அடுக்குமாடிகளில் தங்கித் தொழிற்சாலைகளுக்குப் போய்வரும் பெண்களுக்கானது. தீப்பெட்டி அளவில் ஒரு சின்னக் கருவி. அமுக்கினால் ‘வீட்டுக்கு வந்துவிட்டேன்’ என்று ஒரு சேதி போகும். அழுத்திப் பிடித்தால் ‘உதவி வேண்டும்’ என்று போகும். அந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருந்த தொண்டர் அறையில் அது வந்து சேரும். நாங்கள் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தோம். பெண்கள் அதைப் ‘பட்டன்’ என்றார்கள். பட்டன் என்பதே நிலைத்தது.

கைப்பேசி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். கேட்டவர்களிடம் நான் கொஞ்சம் கடுகடுப்பாகத்தான் பதில் சொல்வேன். அந்தப் பெண்களில் சிலர் கைப்பேசியால்தான் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டவர்கள். யாரிடமிருந்தோ தப்பி வந்தவர்கள். அவர்களுக்கு உதவி கேட்கவும் வழி வேண்டும், கேட்டவர் எங்கே இருக்கிறார் என்று வெளியில் யாருக்கும் தெரியவும் கூடாது. எங்களுக்கும் தெரியக்கூடாது.

அதனால் பட்டனுக்குக் கோபுரம் கிடையாது. ஒரு பட்டன் சொன்னதைப் பக்கத்துப் பட்டன் வாங்கி அடுத்ததிடம் கொடுக்கும். கோயில் அன்னதானத்தில் தட்டு கைமாறுவதுபோல. யார் கையிலிருந்து வந்தது, யார் கைக்குப் போகிறது என்பது மட்டும்தான் நடுவில் நிற்பவருக்குத் தெரியும். முதலில் கொடுத்தவர் யார் என்று தெரியாது. ஒவ்வொரு பட்டனும் தன் பெயரை அடிக்கடி மாற்றிக்கொள்ளும். இதில் ஒரு ஓட்டை உண்டு. வரிசையில் உங்கள் பக்கத்தில் நிற்பவருக்கு யாருமே கொடுக்காமல் அவர் கையில் ஒரு தட்டு இருந்தால், அது அவருடைய தட்டு என்று தெரிந்துவிடும் அல்லவா? அதை அடைக்கத்தான் எல்லாப் பட்டன்களும் சும்மா இருக்கும்போதும் அர்த்தமில்லாத சேதிகளை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். வெறும் பேச்சு என்று அதைச் சொல்வோம். எது உண்மையான சேதி, எது வெறும் பேச்சு என்று கேட்பவருக்குப் பிரிக்க வராது. இவ்வளவு புரிந்தால் போதும், மீதியை நீங்கள் வேலையில் கற்றுக்கொள்வீர்கள்.

மாசாயில் ஓர் அடுக்குமாடியின் பின்பக்கப் படிக்கட்டு எங்களைப் படாத பாடு படுத்தியது. கனத்த சுவர். ஆறாம் மாடியிலிருந்து கிளம்பும் சேதிகள் அந்தத் திருப்பத்தில் தொலைந்துபோகும். சேதியை வாங்கிக் கடத்த அங்கே நாங்கள் வைத்த பெட்டிகள் எதுவும் உருப்படவில்லை. ஒரு நாள் திடீரென்று தொலைவது நின்றது. ஆறாம் மாடியின் சேதிகள் எல்லாம் ஒன்றுவிடாமல் கீழே வந்து சேர்ந்தன.

டேனியல் எங்கள் தலைவர். என்னைவிட வயதில் சிறியவர், கெட்டிக்காரர், எதையும் நல்லபடியாக எடுத்துக்கொள்ளும் சுபாவம். எனக்கு அந்தச் சுபாவம் கிடையாது. சேதிகள் போகும் வழியின் படத்தை அவர் திரையில் போட்டு எல்லோருக்கும் காட்டினார். அந்தப் படத்தில் ஆள் தெரியாது, வீடு தெரியாது. எந்தப் பெட்டி வழியாக எவ்வளவு போகிறது என்பது மட்டும் கோடுகளாகத் தெரியும். ஆறாம் மாடியின் கோடுகள் எல்லாம் வளைந்து ஒரே இடத்துக்குப் போயின. எங்கள் பெட்டி இல்லாத இடம் அது.

“அங்க யாரு பெட்டி வச்சது?” என்று கேட்டேன்.

“யாராச்சும் தொண்டரா இருக்கும்கா. யார் வேணும்னாலும் சேர்ந்து சேதி கடத்தலாம்னு நாமதானே சொன்னோம்? நல்லதுதானே லா.”

“பேரு?”

“பேரு கேக்கக் கூடாதுன்னும் நாமதானே சொன்னோம்.”

பதில் சரிதான். ஆனாலும் அந்த வளைந்த கோடுகளிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. கழுவும் தொட்டியில் தண்ணீர் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஓட்டையை நோக்கிப் போகுமே, அப்படி இருந்தது. அந்தப் பெட்டி ஒரு சேதியைக்கூடத் தவறவிடவில்லை. எங்கள் பெட்டிகளைவிட அது நல்ல பெட்டி. நாங்கள் எல்லோரும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள். சம்பளம் இல்லாமல் ஒருவன் எங்களைவிட அக்கறையாக வேலை செய்கிறான் என்றால், அவனுக்கு இதில் என்ன கிடைக்கிறது?

மறுநாள் காலை மாசாய்க்குப் போனேன். புகைமூட்டம் மோசமாக இருந்த வாரம் அது. சூரியன் உதித்து வெகுநேரம் ஆகியும் வானம் பழுத்த மஞ்சளாகக் கிடந்தது. எதிரில் இருந்த அடுத்த கட்டடம் மேல்பாதி இல்லாததுபோலத் தெரிந்தது. கீழே மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன, ஆள் நடமாட்டம் இல்லை. பகல் ஷிப்ட் ஆட்கள் போயிருந்தார்கள். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் திரும்பி வந்து படுத்திருந்தார்கள். ஆறாம் மாடிக்கு ஏறினேன். ஒவ்வொரு கதவுக்கு வெளியேயும் செருப்புகள் இருந்தன. உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிந்தும் அந்த மாடி முழுக்கக் காலியாகக் கிடப்பதுபோல இருந்தது.

லெட்சுமி மட்டும் விழித்திருந்தாள். அந்த மாடியில் பட்டனை முதலில் வாங்கியவள் அவள்தான், மற்றவர்களுக்கும் வாங்கிக் கொடுத்தவள். அவளும் இரவு ஷிப்ட். படுக்கப்போகும் முன் துணி காயப்போட வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள்.

“அக்கா, படிக்கட்டுப் பக்கம் பாக்கவா வந்தீங்க? நானே சொல்லணும்னு இருந்தேன். அங்க என்னமோ இருக்குக்கா. காலையில எல்லாரும் தூங்குறப்ப இருமுற சத்தம் கேக்குது. எட்டிப் பாத்தா யாரும் இல்ல. மேல் மாடிப் பாட்டி எலுமிச்சம்பழம் வச்சிட்டுப் போயிருக்காங்க.”

“பேய் இருமாது லெட்சுமி.”

“புகைக்கு அதுவும்தான் என்ன செய்யும்,” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படிக்கட்டின் திருப்பத்தில் மின்மீட்டர் அலமாரி ஒன்று இருந்தது. எலுமிச்சம்பழம் அதன் கீழே காய்ந்து கிடந்தது. அலமாரியைத் திறந்தேன். பெட்டி உள்ளே இருந்தது. அதன்மேல் எங்கள் நிறுவனத்தின் சின்னம் ஒட்டியிருந்தது, ஆனால் நாங்கள் ஒட்டியதல்ல. எங்கள் ஒட்டி ஓரம் பிய்ந்து கோணலாக இருக்கும். இது நேராக, அழகாக, காற்றுக்குமிழ் இல்லாமல் இருந்தது. வயர்களைக் கட்டியிருந்த விதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான வேலையைப் பார்த்ததில்லை. வயரைக் கட்டிய ஒவ்வொரு பிளாஸ்டிக் பட்டையின் வெட்டிய நுனியும் கையைக் கீறாதபடி சுவர்ப் பக்கம் திருப்பிவைக்கப்பட்டிருந்தது.

டேனியலுக்கு ஃபோன் செய்து தாழ்ந்த குரலில் சொன்னேன்.

“கழட்டிடுங்கக்கா. இப்பவே.”

“கழட்டினா நம்ம கண்டுபிடிச்சிட்டோம்னு அவனுக்குத் தெரிஞ்சிடும். அவன் யாரைத் தேடுறான்னு நமக்குத் தெரியாது. தெரியாம அவசரப்படக் கூடாது.”

“எல்லாப் பட்டனும்தான் பேசிக்கிட்டே இருக்கே. அவனால என்ன பிரிச்சுப் பாக்க முடியும்?”

அவர் சொன்னது நியாயம். அந்த நியாயத்தைச் சோதித்துவிடலாம் என்று என் பையிலிருந்த அலைமானியை எடுத்தேன். சுற்றிலும் எத்தனை பட்டன்கள் பேசுகின்றன என்பதை அது புள்ளிகளாகக் காட்டும். ஒரு கூட்டத்தை எதிர்பார்த்தேன். திரையில் ஒரே ஒரு புள்ளி இருந்தது. கருவிதான் கெட்டுவிட்டதோ என்று அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதே ஒரு புள்ளி, நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தது.

பிறகுதான் எனக்கு உறைத்தது. பகல் ஷிப்ட் பெண்களின் பட்டன்கள் தொழிற்சாலையில், உடைமாற்றும் அறையின் இரும்புப் பெட்டிகளுக்குள் இருந்தன. உள்ளே எடுத்துப்போக அனுமதி இல்லை. இரவு ஷிப்ட் பெண்கள் திரும்பி வந்ததும் பட்டனை மின்னேற்றப் போட்டு அணைத்துவிடுவார்கள். அதன் சின்னப் பச்சை விளக்கு அறையில் தூங்குகிறவர்கள் கண்ணைக் குத்தும். ஒரே அறையில் பலர் தங்கும் வீடுகள் அவை. அடுத்தவர் தூக்கம் கெடக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் எல்லோரும் செய்தது அது. ஸ்கூடாயில் உட்கார்ந்து கணக்குப் போட்ட எங்களில் ஒருவருக்கும் பெண்கள் எப்படித் தூங்குவார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. ஊரே பேசும், அதில் ஒருத்தி மறைந்துகொள்வாள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். காலை நேரத்தில் ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. மிகவும் பயந்த ஒருத்தி மட்டும் பட்டனை அணைக்காமல் வைத்திருந்தாள்.

அலைமானியைக் கையில் பிடித்தபடி நடந்தேன். புள்ளி பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒரு கதவின் முன்னால் திரை முழுக்க நிறைந்தது. யாரையும் கேட்கவில்லை, எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று நாங்கள் வாக்குக் கொடுத்த ஒருத்தியின் வாசலில் நான் நின்றிருந்தேன். அந்த நிமிடம் எனக்கு என்னையே பார்க்கப் பயமாக இருந்தது.

மெதுவாகத் தட்டி, “பட்டன் அக்கா வந்திருக்கேன்” என்றேன். திரைச்சீலை அசைந்தது. கதவைத் திறந்தவள் கஸ்தூரி. பட்டனைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்த நாளில் கடைசி வரிசையில் சுவரோடு சாய்ந்து நின்றவள். ஒரு கேள்வியும் கேட்காமல் போனவள் என்பதால் எனக்கு முகம் நினைவிருந்தது. தொடர்ந்து இரவு ஷிப்ட் கேட்டு வாங்கி வேலை செய்தாள். அவளோடு தங்கியிருந்த பெண் பகல் ஷிப்டுக்குப் போய்விடுவாள் என்பதால் காலையில் வீட்டில் தனியாக இருப்பாள். மேசையில் அவளுடைய பட்டன் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது.

அலமாரியில் பார்த்ததைச் சொன்னேன். அவள் பதறவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“வயரக் கட்டியிருக்கிற நுனி, சுவரு பக்கம் திரும்பியிருக்காக்கா?”

“ஆமாம்.”

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அவருதான். கேமரா மாட்டுற வேலை அவருக்கு. வாடிக்கைக்காரங்க கையில குத்திடக் கூடாதுன்னு அப்படித்தான் திருப்பி வைப்பாரு.”

அவள் கணவனைப் பற்றி அவள் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவன் குடிப்பதில்லை, கத்துவதில்லை. அவள் எங்கே போனாள், யாரோடு பேசினாள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கும். மாலையில் வந்து உட்கார்ந்து அதையெல்லாம் அமைதியாக அவளுக்கே சொல்வான். சொல்லி முடித்த பிறகு கதவைச் சாத்துவான். சிம்பாங் ரெங்கத்தில் அக்காள் வீட்டுக்குப் போனாள், அங்கே வந்தான். வேறு ஊரில் தோழி வீட்டுக்குப் போனாள், அங்கேயும் வந்தான். கிட்டே வரக்கூடாது என்று நீதிமன்ற உத்தரவு இருந்தது. உத்தரவு காகிதத்தில் இருந்தது.

“ஆனா இது உன் பட்டன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? இதுல பேரே கிடையாதே,” என்றேன்.

“அவருக்கு என்னைத் தெரியும்கா. விளக்க அணைச்சிட்டு நான் தூங்க மாட்டேன்னு தெரியும். எல்லாத்தையும் அணைச்ச பிறகும் ஒண்ணு எரியுதுன்னா அது நான்தான்.”

நாங்கள் பெயரை மறைப்பதில் கெட்டிக்காரர்கள். அவன் பெயரைத் தேடவே இல்லை. ஒரு பழக்கத்தைத் தேடிக்கொண்டு, மாடி மாடியாகப் பெட்டியை மாற்றி வைத்து, பொறுமையாகக் காத்திருந்திருக்கிறான்.

அப்போது வெளியே நடைவழியின் கோடியில் ஓர் இருமல் கேட்டது. பிறகு ஓர் ஆண்குரல். தாழ்வான, கனிவான குரல்.

“கஸ்தூரி, பசியாறிட்டியா?”

எங்கள் கதவில் அல்ல. கோடி வீட்டின் கதவில். பதில் வருமா என்று காத்திருப்பதுபோல ஓர் இடைவெளி. பிறகு செருப்புச் சத்தம், அடுத்த கதவு வரை.

“கஸ்தூரி, பசியாறிட்டியா?”

அதே குரல், அதே கனிவு. யாரும் விழிக்கக்கூடாது, ஒருத்திக்கு மட்டும் கேட்க வேண்டும் என்ற அளவு. பெட்டியிலிருந்து அவனுக்கு மாடி மட்டும் தெரிந்திருக்கிறது. கதவைத் தெரிந்துகொள்ள, நான் சற்று முன் செய்ததையே செய்துகொண்டு வருகிறான்.

கஸ்தூரியின் கை பட்டனை அணைக்கப் போனது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் பிடித்தேன் என்று நன்றாக யோசித்துப் பாருங்கள், ஏனென்றால் உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரலாம். அந்த மாடியில் பேசிக்கொண்டிருந்தது ஒரே ஒரு பட்டன். அவன் நடைவழியில் நிற்கும்போது அது சட்டென்று நின்றால், அவன் குரலைக் கேட்டுத்தான் நின்றது என்று தெரிந்துவிடும். அணைக்காவிட்டால் எங்கள் கதவின் முன்னால் அவன் கையிலிருக்கும் திரை நிறைந்துவிடும். அழுத்திப் பிடித்து உதவி கேட்டால் அந்தச் சேதியை முதலில் வாங்குவது அவன் பெட்டிதான். கத்தினால் கஸ்தூரி இங்கேதான் இருக்கிறாள் என்று நாமே சொன்னதாக ஆகும். போலீஸைக் கூப்பிடும்படி டேனியலுக்குச் சேதி தட்டினேன். அவர்கள் வருவார்கள், ஆனால் அவன் மூன்று கதவு தள்ளி நின்றுகொண்டிருந்தான்.

ஒரு பட்டனை மறைக்க முடியாது. பத்துப் பட்டனுக்கு நடுவில் அது எது என்று தெரியாமல் செய்யலாம். எங்கள் தொழிலில் மொத்தமே அவ்வளவுதான்.

லெட்சுமியின் கைப்பேசிக்கு எழுதினேன்: ‘கதவைத் திறக்காதே. சத்தம் போடாதே. பட்டனைப் போடு. எல்லாரையும் போடச் சொல்.’ அவள் அதற்குள் தூங்கிப்போயிருந்தால் எல்லாம் வீண். பதில் வரவில்லை. கஸ்தூரி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“கஸ்தூரி, பசியாறிட்டியா?” இன்னும் ஒரு கதவு கிட்டே வந்திருந்தது.

அப்போது பக்கத்து வீட்டுச் சுவரில் ‘டொக், டொக்’ என்று கேட்டது. கரண்டியின் பிடியால் தட்டும் சத்தம். ஷிப்ட் பஸ் வரும் நேரத்தில் அயர்ந்து தூங்குகிறவர்களை எழுப்ப அந்தப் பெண்கள் சுவரைத்தான் தட்டுவார்கள். ஒரு வீட்டில் தட்டினால் அந்த வீட்டார் அடுத்த சுவரைத் தட்ட வேண்டும் என்பது அவர்களுக்குள் ஒரு வழக்கம். கோடி வீடு வரை அது போய்ச்சேரும். எந்தத் தூக்கத்திலும் அந்தச் சத்தத்துக்கு எழுந்துவிடுவார்கள். லெட்சுமியின் தட்டு எங்கள் சுவருக்கு அப்பாலிருந்து கிளம்பி வீடுவீடாகத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. போகப் போகத் தேய்ந்து, ஏதோ ஒரு மூலையில் நின்றது. எழுந்தவர்கள் லெட்சுமி கைப்பேசியில் அனுப்பியிருந்ததைப் பார்த்திருப்பார்கள். ஒரு கதவும் திறக்கவில்லை. ஒருவரும் பேசவில்லை.

என் அலைமானியில் இரண்டாவது புள்ளி தோன்றியது. பிறகு மூன்றாவது. பிறகு மளமளவென்று வந்து எண்ண முடியாமல் போயிற்று. செத்த வீடுபோல அமைதியாக இருந்த மாடியில், மூடிய கதவுகளுக்குப் பின்னால், எல்லாப் பட்டன்களும் பேசத் தொடங்கியிருந்தன. காதுக்கு ஒன்றும் கேட்காது. ஆனாலும் கேட்டதுபோலவே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

எங்கள் ஜன்னல் திரைச்சீலையில் அவன் நிழல் விழுந்தது. தலை குனிந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அசையவில்லை. நிழலுக்கும் எங்களுக்கும் இடையே ஒரு கண்ணாடியும் ஒரு துணியும்தான்.

“கஸ்தூரி,” என்றான். “பசியாறிட்டியா?”

அவள் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அவ்வளவு அன்பாகக் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று எனக்கே அப்போது தெரிந்தது. என் நாக்கு நுனியில் ஏதோ ஒரு சொல் வந்து நின்றது. விழுங்கினேன்.

அவன் காத்திருந்தான். இருமினான். பிறகு அடுத்த கதவுக்குப் போய் அங்கேயும் அதையே கேட்டான். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. அந்த நடைவழியின் மறுகோடி வரை ஒவ்வொரு கதவிலும் கேட்டுவிட்டு, “சரி, நாளைக்கு வரேன்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினான். போலீஸ் வந்தபோது கீழே மோட்டார் சைக்கிள்கள் மட்டும்தான் நின்றன. லெட்சுமி புகார் கொடுத்தாள். கதவுக்கு வெளியே நின்று பசியாறினாயா என்று கேட்டதைப் புகாராக எழுதவைக்க அவள் பட்ட பாடு தனிக்கதை. கஸ்தூரி தன் பெயரில் எழுதிக்கொடுக்க மறுத்துவிட்டாள். எழுதினால் அவள் இருக்கும் ஊர் எங்காவது பதிவாகும், பதிவான எதையும் அவன் பார்த்துவிடுவான் என்று அவளுக்குப் பயம். அந்தப் பயத்தை அசட்டுத்தனம் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

அன்று மாலை ஷிப்ட் பஸ்ஸில் ஏறி, கஸ்தூரி அந்த மாடியை விட்டே கிளம்பினாள். புகைமூட்டத்துக்காக எல்லாப் பெண்களும் முகக்கவசம் போட்டிருந்தார்கள், எல்லோரும் ஒரே சீருடை. அதில் அவள் எவள் என்று ஜன்னலில் நின்று பார்த்த எனக்கே தெரியவில்லை. லெட்சுமி என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள்.

“கஸ்தூரி எங்க போறான்னு—”

“சொல்லாத,” என்றேன். “எனக்கு வேணாம்.”

அவள் சற்று வருத்தப்பட்டாள், நான் அக்கறையில்லாதவள் என்று நினைத்திருப்பாள். விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை.

அடுத்த வாரக் கூட்டத்தில் டேனியல் அந்தப் பெட்டியைக் கழற்றிவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். அவரோடு நான் போட்ட ஒரே பெரிய சண்டை அதுதான். பெட்டி இருக்கும்வரை அவன் ஆறாம் மாடியைத்தான் கேட்டுக்கொண்டிருப்பான். கழற்றிய அன்றே வேறு இடத்தில் தேடத் தொடங்குவான். பெண்களின் உண்மையான சேதிகளை அவன் பெட்டியைத் தொடாமல் முன்பக்கப் படிக்கட்டு வழியாகத் திருப்பிவிட்டோம். அவனுக்கு வெறும் பேச்சை மட்டும் மிச்சம் வைத்தோம். பச்சை விளக்கை மறைக்க எல்லோருக்கும் கறுப்பு ஒட்டி கொடுத்தோம். அந்த அரைவிரல் ஒட்டியை முதலிலேயே கொடுத்திருக்கலாம். பட்டனை இனி அணைக்கவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள நான் ஆறாம் மாடிக்குப் போனபோது, நான் வாயைத் திறக்கும் முன்பே லெட்சுமி சொன்னாள்:

“நாங்க அணைக்கிறதே இல்லக்கா. அவ போயிட்டான்னு அந்த ஆளுக்குத் தெரிய வேணாம். பேசட்டும்.”

இனி நீங்கள் அங்கே போனால், எல்லோரும் தூங்கும் வீடுகளில்கூடப் பட்டன்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள். மின்கலம் வீணாகிறதே என்று உங்களில் கணக்கில் புலியான ஒருவருக்குத் தோன்றும். தயவுசெய்து கை வைக்காதீர்கள். அந்த மாடிக்கு அதன்பிறகு வேறு பெண்களும் வந்திருக்கிறார்கள். அவர்களில் யார் யாரிடமிருந்து வந்தவர் என்று நமக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால், பெட்டிகளைப் பார்த்துவர அந்த அடுக்குமாடிக்கு ஒரு காலையில் போனேன். புகைமூட்டம் இல்லாத, நல்ல வெயிலான நாள். பின்பக்கப் படிக்கட்டில் ஏறும்போது மீட்டர் அலமாரிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். சுத்தமான சட்டை, படிய வாரிய தலை. காதில் இயர்ஃபோன், மடியில் ஒரு திரை. திரை முழுக்கப் புள்ளிகள். அவன் அதைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். என் காலடியைக் கேட்டு நிமிர்ந்து, நான் போவதற்கு வசதியாக முழங்காலை ஒதுக்கிக்கொண்டான். ஆளை நான் முன்பின் பார்த்ததில்லை. வாயைத் திறந்ததும் குரலைத் தெரிந்துகொண்டேன்.

“அக்கா, இந்த மாடியில கஸ்தூரின்னு ஒரு பொண்ணு. எந்த வீடுன்னு தெரியுமா?”

அவன் முகத்தை நேராகப் பார்த்தேன். அந்த முகத்தில் கோபமே இல்லை. களைப்பு மட்டும் இருந்தது. இவன் இன்னும் பல காலம் இங்கேயே உட்கார்ந்திருப்பான் என்று தோன்றியது.

“அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியலப்பா,” என்றேன்.

என் வேலைக்காலம் முழுவதிலும் எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாக மழுப்பியிருக்கிறேன். அன்று அவனிடம் நான் பொய் சொல்லவில்லை.